ரிமோட் டெஸ்க்டாப்புக்குச் சொந்தச் சான்றிதழ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிமோட் டெஸ்க்டாப்பில் (தொலைவில் உள்ள கணினியின் திரையை நம் திரையில் திறக்கும் விண்டோஸ் வசதி) ஒரு சர்வருக்குள் நுழையப் பெயரைத் தட்டி, பாஸ்வேர்டையும் கொடுத்த பிறகு ஒரு பெட்டி எழும்பும். எதிரே இருக்கும் கணினி யார் என்று உறுதிசெய்ய முடியவில்லை, இருந்தாலும் இணைக்கட்டுமா என்று கேட்கும். பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. 'யெஸ்' அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். சிறு அலுவலகங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த ஒரு 'யெஸ்'ஸைத் தேவையில்லாமல் ஆக்குவதற்காக நான் செய்வதையும், அதைப் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகளையும் இங்கே எழுதியிருக்கிறேன். இதில் வருபவை பெரும்பாலும் விண்டோஸ் சர்வருக்கும் விண்டோஸ் புரோ பதிப்புக்கும் பொருந்தும். ஹோம் பதிப்பு ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பை ஏற்காது. அங்கிருந்து வெளியே இணைக்க மட்டும்தான் முடியும்.

அந்த எச்சரிக்கை ஏன் வருகிறது?

ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்கியதும் விண்டோஸ் தனக்குத் தானே ஒரு சான்றிதழ், அதாவது கணினியின் டிஜிட்டல் அடையாள அட்டை, எழுதிக்கொள்கிறது. கணினிச் சான்றிதழ்களின் பட்டியலைத் திறந்தால் 'ரிமோட் டெஸ்க்டாப்' என்று தனியாக ஒரு பெட்டகம் இருக்கும். அதற்குள் கணினியின் பெயரோடு அது உட்கார்ந்திருக்கும். ஆயுள் 6 மாதம். முடியும்போது விண்டோஸே புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும்.

சிக்கல் என்னவென்றால், அதை வழங்கியவரும் அதுவே, பெற்றவரும் அதுவே. "நான்தான் கணக்கு சர்வர்" என்று அது சொல்கிறது. ஆமாம் என்று சொல்ல மூன்றாவது ஆள் இல்லை. அதனால் உங்கள் கணினி உங்களிடம் கேட்கிறது. கேள்வி நியாயமானது. பதில் சொல்ல உங்களிடம் எதுவும் இல்லை என்பதுதான் குறை.

இணைப்பு எப்படியும் மறையாக்கப்பட்டுத்தானே போகிறது? பிறகு என்ன ஆபத்து?

மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) இருக்கிறது, உண்மை. ஆனால் யாரோடு மறையாக்கம் என்பதைச் சொல்வது சான்றிதழ். உங்களுக்கும் சர்வருக்கும் நடுவே, அதே வைஃபையில் ஒருவன் நின்றுகொண்டு தன்னுடைய சான்றிதழை நீட்டினால், உங்கள் திரையில் வருவது தினமும் வரும் அதே பெட்டிதான். தினமும் அழுத்திய கை அன்றும் 'யெஸ்' அழுத்தும். அதன்பின் உங்களுக்கும் அவனுக்கும் இடையே பத்திரமான மறையாக்கம். அவனுக்கும் சர்வருக்கும் இடையே இன்னொன்று. நடுவில் எல்லாம் அவனுக்குத் திறந்த புத்தகம்.

என்எல்ஏ எனப்படும் முன்-அங்கீகாரம் இருந்தால் நிலைமை கொஞ்சம் மேல். அதில் பாஸ்வேர்டை அனுப்பும் முன் சர்வரின் சான்றிதழில் உள்ள பொதுச்சாவியோடு சேர்த்துச் சரிபார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. அப்போதும், அங்கீகாரம் என்டிஎல்எம் என்ற பழைய விண்டோஸ் முறையில் நடந்தால், அந்தச் சவால்-பதில் பரிமாற்றத்தை அவன் பிடித்து வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து உடைக்கப் பார்க்கலாம். என்எல்ஏ கட்டாயமாக்கப்படாத இடத்தில் இணைப்பைப் பழைய முறைக்கு இறக்கிவிட்டு, நீங்கள் தட்டும் பாஸ்வேர்டை அப்படியே வாங்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

இந்தப் பெட்டி தினமும் வந்தால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. சரியான சான்றிதழை மாட்டிவிட்டால் பெட்டி வரவே வராது. அப்புறம் என்றாவது ஒரு நாள் வந்தால், எல்லோரும் கையை எடுத்துவிட்டு, சர்வரைப் பார்த்துக்கொள்பவரைக் கூப்பிடுவார்கள். நான் இத்தனை மெனக்கெடுவது அந்த ஒரு அழைப்புக்காகத்தான்.

'இனி இந்தக் கணினிக்குக் கேட்காதே' என்று டிக் போட்டுவிட்டால் போதாதா?

டிக் போட்டால் அந்தச் சான்றிதழின் ஹாஷை (கைரேகை போன்ற சுருக்க எண்) உங்கள் கணினி ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் இடம்), அந்தச் சர்வர் பெயருக்குக் கீழே எழுதி வைத்துக்கொள்கிறது. முதல் தடவை நீங்கள் பார்த்தது உண்மையான சர்வர்தான் என்றால் அது ஓரளவுக்கு நல்ல ஏற்பாடே. ஆனால் 6 மாதத்தில் சர்வர் புதுச் சான்றிதழ் எழுதிக்கொள்ளும், ஹாஷ் மாறும், பெட்டி மறுபடி வரும். இருபது பேர் வேலை பார்க்கும் இடத்தில் அது 'யெஸ்' அழுத்தும் பழக்கத்தைத்தான் வளர்க்கும்.

என் அலுவலகத்தில் எச்சரிக்கையே வருவதில்லை. சான்றிதழ் சரியாக இருக்கிறது என்று அர்த்தமா?

அப்படி இருக்க வேண்டியதில்லை. இரண்டு கணினிகளும் ஒரே ஆக்டிவ் டைரக்டரி டொமைனில் (அலுவலகக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் குழு) இருந்து, சர்வரின் பெயரைக் கொடுத்து இணைத்தால், டொமைனின் அங்கீகார முறையான கெர்பரோஸ் மூலமே சர்வரின் அடையாளம் உறுதியாகிவிடும். இணைந்த பிறகு திரையின் மேலே உள்ள நீலப் பட்டையில் பூட்டு ஐகானை அழுத்திப் பாருங்கள். அடையாளம் கெர்பரோஸால் உறுதியானதா, சான்றிதழாலா என்று அதுவே சொல்லும். அதே சர்வரை ஐபி எண்ணால் கூப்பிடுங்கள், அல்லது டொமைனில் சேராத வீட்டு லேப்டாப்பிலிருந்து கூப்பிடுங்கள். பெட்டி வந்து நிற்கும்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. யாராவது எச்சரிக்கையையே அணைத்து வைத்திருக்கலாம். ரிமோட் டெஸ்க்டாப் சாளரத்தின் 'அட்வான்ஸ்டு' தாவலில் மூன்று தேர்வுகள் உள்ளன: எச்சரிக்காமல் இணை, எச்சரி, இணைக்காதே. முதலாவது இருந்தால் மாற்றுங்கள். இணைப்பு விவரங்களைச் சேமிக்கும் ஆர்டிபி கோப்பில் 'ஆதென்டிகேஷன் லெவல்' என்ற வரியில் 0 என்றால் எச்சரிக்காமல் இணைக்கும், 1 என்றால் இணைக்காது, 2 என்றால் எச்சரிக்கும்.

சான்றிதழை எங்கே வாங்குவது?

மூன்று வழிகள். உங்கள் இடத்துக்கு எது பொருந்தும் என்பது அளவைப் பொறுத்தது.

டொமைன் இருந்து, மைக்ரோசாப்டின் சான்றிதழ் சேவையும் அங்கே ஓடினால், அதுதான் சிறந்தது. டொமைனில் உள்ள எல்லாக் கணினிகளும் அதை ஏற்கெனவே நம்புகின்றன. குழுக் கொள்கை (குரூப் பாலிசி, டொமைன் கணினிகளுக்கு மொத்தமாக அமைப்புகளை அனுப்பும் வசதி) மூலம் எல்லாச் சர்வருக்கும் தானாகவே சான்றிதழ் போய்ச் சேரும். இதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

டொமைன் இல்லை, ஆனால் அலுவலகத்துக்கு இணையத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்றால் லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற, எல்லாக் கணினிகளும் இயல்பாக நம்பும் நிறுவனம் தரும் பொதுச் சான்றிதழ். காசு கிடையாது. சர்வரை இணையத்துக்குத் திறந்துவிடவும் தேவையில்லை. டிஎன்எஸ் (இணையப் பெயர்களை ஐபி எண்களாக மாற்றும் பதிவேடு) மூலம் உரிமையை நிரூபிக்கும் முறையில், உங்கள் பெயரின் டிஎன்எஸ் பதிவில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்தப் பெயரை அலுவலகத்தின் உள் ஐபி எண்ணுக்குக் காட்டிவிட்டு, ஊழியர்களை அந்தப் பெயரில் இணைக்கச் சொல்லலாம். சிறு அலுவலகங்களுக்கு நான் முதலில் சொல்லும் வழி இதுதான்.

மூன்றாவது, நீங்களே பவர்ஷெல் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவியில் நீண்ட ஆயுளுள்ள ஒரு சான்றிதழ் உண்டாக்கி, அதன் பொதுப் பகுதியை மட்டும் ஒவ்வொரு பயனர் கணினியிலும் 'டிரஸ்டட் ரூட்' பெட்டகத்தில் சேர்ப்பது. ஒரு சர்வர், ஐந்தாறு லேப்டாப் என்றால் ஒரு மதியத்தில் முடியும். ஆள் கூடக் கூட இது சுமையாகும்.

எங்கள் சர்வரின் பெயர் 'லோக்கல்' என்று முடிகிறது. பொதுச் சான்றிதழ் கிடைக்குமா?

கிடைக்காது. உள் பெயர்களுக்கும் தனியார் ஐபி எண்களுக்கும் பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள் சான்றிதழ் கொடுப்பது 2015 நவம்பரோடு நின்றுபோனது. மிச்சமிருந்தவையும் 2016 அக்டோபரில் ரத்தாயின. உங்கள் டொமைனின் சொந்தச் சான்றிதழ் சேவையில் வாங்குங்கள். இல்லையென்றால் இணையப் பெயர் ஒன்றை அந்தச் சர்வருக்குக் கூடுதலாகக் கொடுங்கள்; விண்டோஸில் கணினியின் பெயரை மாற்ற வேண்டியதில்லை.

சான்றிதழில் என்னென்ன சரியாக இருக்க வேண்டும்?

முதலில் பெயர். ஊழியர் இணைப்புச் சாளரத்தில் எந்தப் பெயரைத் தட்டுகிறாரோ, அதே பெயர் சான்றிதழின் மாற்றுப் பெயர்ப் பட்டியலில் இருக்க வேண்டும். ஒருவர் முழுப் பெயரும், இன்னொருவர் குட்டிப் பெயரும், வேறொருவர் ஐபி எண்ணும் தட்டினால் எவ்வளவு நல்ல சான்றிதழும் இரண்டு பேருக்கு எச்சரிக்கைதான் காட்டும். அதனால் நான் ஒரு ஆர்டிபி கோப்பைத் தயார் செய்து எல்லோர் டெஸ்க்டாப்பிலும் போட்டுவிடுவேன். பெயர் தட்டும் வேலையே இருக்காது.

இரண்டாவது, பயன்பாடு. 'சர்வர் ஆதென்டிகேஷன்' இருக்க வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப்புக்கென்றே தனியாக ஒரு பயன்பாட்டு எண்ணும் உண்டு: 1.3.6.1.4.1.311.54.1.2. சொந்தச் சான்றிதழ் சேவை உள்ளவர்கள் இதைப் போடுவது நல்லது. அந்தச் சான்றிதழை வேறு வேலைக்கு யாரும் எடுத்து மாட்ட முடியாது.

மூன்றாவதுதான் அதிகம் பேர் தவறவிடுவது. பிரைவேட் கீ (சான்றிதழின் ரகசியச் சாவி) கூடவே இருக்க வேண்டும். கணினிச் சான்றிதழ் பட்டியலில் 'பர்சனல்' பெட்டகத்தைத் திறந்து, உங்கள் சான்றிதழின் ஐகானை உற்றுப் பாருங்கள். ஓரத்தில் ஒரு குட்டிச் சாவி வரைந்திருக்கும். இரண்டு முறை அழுத்தித் திறந்தால் முதல் தாவலின் அடியில், இதற்குரிய பிரைவேட் கீ உங்களிடம் இருக்கிறது என்று ஒரு வரி இருக்கும். சாவியும் இல்லை, வரியும் இல்லை என்றால் நீங்கள் ஏற்றியது வெறும் பொதுப் பகுதி. அதை வைத்து எதுவும் நடக்காது. சான்றிதழும் பிரைவேட் கீயும் சேர்ந்த பிஎஃப்எக்ஸ் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

பெட்டகமும் முக்கியம். கணினியின் 'பர்சனல்' வேறு, உங்கள் பயனர் கணக்கின் 'பர்சனல்' வேறு. பிஎஃப்எக்ஸ் கோப்பை இரட்டை அழுத்தத்தில் திறந்தால் அது முதலில் காட்டுவது பயனர் கணக்கைத்தான். 'லோக்கல் மெஷின்' என்று மாற்றிவிட்டுத் தொடருங்கள்.

சரி, ஏற்றியாகிவிட்டது. ரிமோட் டெஸ்க்டாப்பிடம் இதைப் பயன்படுத்து என்று எப்படிச் சொல்வது?

சர்வர் 2008 ஆர்2 வரை இதற்கென்று ஒரு சாளரம் இருந்தது. சான்றிதழைத் தேர்ந்து ஓகே கொடுத்தால் முடிந்தது. 2012 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது கட்டளையில்தான் செய்ய வேண்டும்.

கட்டளைக்கு முன்னால் ஒரு வேலை. ரிமோட் டெஸ்க்டாப் சேவை 'நெட்வொர்க் சர்வீஸ்' என்ற கணக்கில் ஓடுகிறது. அந்தக் கணக்குக்குப் பிரைவேட் கீயைப் படிக்க உரிமை வேண்டும். சான்றிதழின் மேல் வலது சொடுக்கு, 'ஆல் டாஸ்க்ஸ்', அதில் 'மேனேஜ் பிரைவேட் கீஸ்', அங்கே நெட்வொர்க் சர்வீஸைச் சேர்த்து 'ரீட்' மட்டும் கொடுங்கள். முழு உரிமை தேவையில்லை.

அடுத்து சான்றிதழின் தம்ப்பிரின்ட்டை எடுங்கள். 40 எழுத்துகள் கொண்ட அடையாளம் அது. பவர்ஷெல்லை நிர்வாகியாகத் திறந்து, விண்டோஸ் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உதவும் டபிள்யூஎம்ஐ-யின் 'டெர்மினல் சர்வீசஸ்' நேம்ஸ்பேஸில் 'வின்32 டிஎஸ் ஜெனரல் செட்டிங்' என்ற கிளாஸை எடுங்கள். அதில் 'எஸ்எஸ்எல் சர்டிபிகேட் ஷா1 ஹாஷ்' என்று ஒரு பண்பு இருக்கும். தம்ப்பிரின்ட்டை அதில் எழுதினால் வேலை முடிந்தது. பழைய குறிப்புகளில் 'டபிள்யூஎம்ஐசி' என்ற கட்டளையால் இதைச் செய்யச் சொல்லியிருப்பார்கள். மைக்ரோசாப்ட் அந்தக் கட்டளையைக் கைவிட்டுவிட்டது, புதிய விண்டோஸ் 11-இல் அது இல்லாமலும் இருக்கலாம். பவர்ஷெல்லின் 'செட்-சிம் இன்ஸ்டன்ஸ்' பழகிக்கொள்ளுங்கள்.

எழுதியபின் அதே கிளாஸை மறுபடி படித்துப் பாருங்கள். அருகிலேயே 'ஹாஷ் டைப்' என்று ஒரு எண் இருக்கும். 1 என்றால் இன்னும் விண்டோஸ் எழுதிக்கொண்ட சான்றிதழ், 2 என்றால் குழுக் கொள்கை கொடுத்தது, 3 என்றால் நீங்கள் மாட்டியது. இது 3 ஆனதைப் பார்த்த பிறகுதான் நான் அடுத்த வேலைக்குப் போவேன்.

'இன்வேலிட் பாராமீட்டர்' என்று திட்டுகிறதே?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று. சான்றிதழ் கணினியின் 'பர்சனல்' பெட்டகத்தில் இல்லை. அல்லது பிரைவேட் கீ இல்லை. அல்லது தம்ப்பிரின்ட்டின் தலையில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கடைசியாகச் சொன்னது என்னை ஒரு முழு மாலை அலைக்கழித்தது. சான்றிதழ் சாளரத்தில் தம்ப்பிரின்ட்டை மௌஸால் இழுத்து நகலெடுக்கும்போது, பழைய விண்டோஸ் பதிப்புகளில் முதல் எழுத்துக்கு முன்னால் இடமிருந்து வலம் என்று குறிக்கும் மறை எழுத்தும் சேர்ந்து வரும். நோட்பேடில் ஒட்டினாலும் தெரியாது. நாற்பது எழுத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன், எல்லாம் சரி, கட்டளை மட்டும் மறுத்தது. கடைசியில் கர்சரை வரியின் தொடக்கத்தில் வைத்து வலது அம்புக்குறியைத் தட்டினேன். முதல் தட்டில் கர்சர் நகரவே இல்லை. அங்கே ஏதோ இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அன்றிலிருந்து நகலெடுப்பதை விட்டுவிட்டேன். பவர்ஷெல்லிலேயே சான்றிதழைத் தேடி, தம்ப்பிரின்ட்டை நேரடியாகக் கட்டளைக்குக் கொடுக்கிறேன்.

ஷா1 என்ற ஹாஷ் முறை பழசு, உடைக்கப்பட்டது என்கிறார்களே. இங்கே அது பரவாயில்லையா?

பரவாயில்லை. தம்ப்பிரின்ட் இங்கே பெட்டகத்தில் உள்ள சான்றிதழைத் தேடி எடுக்க உதவும் அடையாள எண் மட்டும். சான்றிதழின் கையொப்பம் ஷா256-இல் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

டொமைன் முழுவதற்கும் குழுக் கொள்கையில் எப்படிச் செய்வது?

சான்றிதழ் சேவையில் 'கம்ப்யூட்டர்' வார்ப்புருவை (சான்றிதழ் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் அச்சு) படியெடுத்து, பயன்பாட்டில் மேலே சொன்ன ரிமோட் டெஸ்க்டாப் எண்ணைச் சேருங்கள். 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' குழுவுக்கு 'என்ரோல்' உரிமை கொடுங்கள். வார்ப்புருவை வெளியிட்ட பிறகு, குழுக் கொள்கையில் ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட்டின் (ஊழியர்கள் நுழையும் சர்வர்) பாதுகாப்புப் பகுதியில் 'சர்வர் ஆதென்டிகேஷன் சர்டிபிகேட் டெம்ப்ளேட்' என்ற அமைப்பில் வார்ப்புருவின் பெயரை எழுதுங்கள். கொள்கை போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொரு சர்வரும் தானே கேட்டு வாங்கி, தானே மாட்டிக்கொள்ளும். புதுப்பிப்பதும் அதன் பொறுப்பு.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வார்ப்புருவுக்கு இரண்டு பெயர்கள் உண்டு: உள்ளே இருக்கும் பெயர், வெளியே காட்டும் பெயர். இரண்டையும் இடைவெளி இல்லாமல் ஒன்றாகவே வையுங்கள். வேறுவேறாக இருந்தால், கொள்கை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் சர்வர் இன்னொரு சான்றிதழ் வாங்கி அடுக்கிக்கொண்டே போகலாம்.

சான்றிதழைப் புதுப்பித்தேன், ஆனால் சர்வர் இன்னும் பழையதையே காட்டுகிறது. ஏன்?

புதுப்பித்த சான்றிதழ் என்பது புதிய சான்றிதழ். தம்ப்பிரின்ட் வேறு. நீங்கள் கையால் எழுதி வைத்த பண்பில் பழைய எண்ணே இருக்கிறது.

நான் இதில் ஒரு தடவை அடிபட்டிருக்கிறேன். ஒரு அலுவலகத்தில் எல்லாருடைய ஆர்டிபி கோப்பிலும் 'இணைக்காதே' என்ற கடுமையான தேர்வை வைத்திருந்தேன். சான்றிதழ் நேரத்துக்குப் புதுப்பிக்கப்பட்டு, பெட்டகத்தில் அழகாக இருந்தது. அதைச் சேவையோடு மாட்ட மறந்துவிட்டேன். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு முதல் அழைப்பு. பத்து மணிக்குள் மொத்த அலுவலகமும் வெளியே நின்றது. ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டிய வாரம் அது. சரிசெய்ய ஐந்து நிமிடம்தான் ஆனது. ஆனால் கணக்குப் பார்க்கும் அந்த அம்மா, எதுவும் திட்டாமல், "தம்பி, இனிமே இப்படி ஆகாதுல்ல?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் எல்லாவற்றையும் தானியங்கியாக மாற்றினேன்.

லெட்ஸ் என்க்ரிப்ட் பயன்படுத்துபவர்களுக்கு 'வின்-ஆக்மி' என்ற கருவி உதவும். சான்றிதழை எடுப்பதோடு, ரிமோட் டெஸ்க்டாப்பில் மாட்டுவதற்கான ஸ்கிரிப்ட்டும் அதனோடு வருகிறது. ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் அதை ஓடவிடச் சொல்லலாம். கையால் செய்யும் காலம் எப்படியும் போய்விட்டது. பொதுச் சான்றிதழ்களின் உச்ச ஆயுள் 2020 செப்டம்பரிலிருந்து 398 நாள். 2026 மார்ச் 15 முதல் 200, 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று குறைக்க முடிவெடுத்திருக்கிறார்கள். 47 நாளுக்கு ஒருமுறை யாரும் கையால் தம்ப்பிரின்ட் எழுத முடியாது.

வெளியூரிலிருந்து இணைத்தால் மட்டும், ரத்துப் பட்டியலைச் சரிபார்க்க முடியவில்லை என்று வருகிறது.

சொந்தச் சான்றிதழ் சேவையில் இது சகஜம். ரத்தான சான்றிதழ்களின் பட்டியல் எங்கே கிடைக்கும் என்ற முகவரி சான்றிதழுக்குள்ளேயே எழுதியிருக்கும். அது டொமைனுக்குள் மட்டும் எட்டும் எல்டாப் (டொமைன் பதிவேட்டின்) முகவரியாக இருந்தால், வீட்டு லேப்டாப்பால் அதைத் தொட முடியாது. பட்டியலை வெளியிலிருந்து எட்டும் ஒரு ஹெச்டிடிபி முகவரியில் வைத்து, அந்த முகவரியோடு சான்றிதழை மறுபடி வழங்குங்கள். வெளியிலிருந்து வருபவர்கள் எல்லோரும் விபிஎன்னில்தான் வருகிறார்கள் என்றால், அந்த வழியில் முகவரி எட்டுகிறதா என்று பார்த்தால் போதும்.

நல்ல சான்றிதழ் மாட்டிவிட்டேன். இனி ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறக்கலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். சான்றிதழ் உங்கள் ஊழியருக்குச் சர்வரை அடையாளம் காட்டுகிறது. கதவைத் தட்டுபவன் யார் என்று அது பார்ப்பதில்லை. பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்துத் தட்டும் நிரல்களை அது நிறுத்தாது. 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் என்ற ரிமோட் டெஸ்க்டாப் பாதுகாப்பு ஓட்டையில் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. அதன் ஆபத்தைப் பார்த்து, ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டது. விபிஎன் போடுங்கள், அல்லது 443 போர்ட் வழியாக வரும் ரிமோட் டெஸ்க்டாப் கேட்வே வையுங்கள். கேட்வே, புரோக்கர், வெப் அக்சஸ் ஆகிய துணைச் சேவைகளுக்கான சான்றிதழ்கள் வேறு இடத்தில், சர்வர் மேனேஜரின் டெப்ளாய்மென்ட் அமைப்பில் மாட்டப்படும். அங்கே மாட்டியது செஷன் ஹோஸ்ட்டுக்கும் சேர்த்து என்று நினைத்துவிடாதீர்கள்.

லினக்ஸில் எக்ஸ்ஆர்டிபி (ரிமோட் டெஸ்க்டாப் சர்வர் நிரல்) வைத்திருக்கிறோம். அதற்கும் இதே வேலையா?

இன்னும் எளிது. அதன் அமைப்புக் கோப்பில் 'சர்டிபிகேட்', 'கீ ஃபைல்' என்று இரண்டு வரிகள் இருக்கும். உங்கள் கோப்புகளின் பாதையை எழுதிச் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் அது இயல்பாகக் கணினியின் மாதிரிச் சான்றிதழைப் பயன்படுத்தும். எக்ஸ்ஆர்டிபி பயனருக்கு அந்தச் சாவிக் கோப்பைப் படிக்க உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். மாதிரிச் சான்றிதழே என்றாலும் 'எஸ்எஸ்எல்-செர்ட்' குழுவில் அந்தப் பயனரைச் சேர்க்க வேண்டும்.

ஏதோ தவறிவிட்டது, இப்போது யாராலும் நுழைய முடியவில்லை. பழையபடி ஆக்குவது எப்படி?

முதலில் நிகழ்வுப் பதிவைப் பாருங்கள். விண்டோஸின் மறையாக்கப் பகுதியான எஸ்சேனல் தரப்பிலிருந்து 36870 என்ற எண் இருந்தால், சேவையால் பிரைவேட் கீயைத் தொட முடியவில்லை என்று பொருள். நெட்வொர்க் சர்வீஸுக்கு 'ரீட்' கொடுத்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும். 1057 இருந்தால் விண்டோஸால் தன் சொந்தச் சான்றிதழையே எழுத முடியவில்லை. பிரைவேட் கீகள் வைக்கப்படும் மெஷின் கீஸ் கோப்புறையின் உரிமைகளை யாரோ மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

எதுவும் பிடிபடவில்லை என்றால், ரெஜிஸ்ட்ரியில் டெர்மினல் சர்வருக்குக் கீழே 'வின்ஸ்டேஷன்ஸ்', அதற்குள் 'ஆர்டிபி-டிசிபி' என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே நீங்கள் எழுதிய 'எஸ்எஸ்எல் சர்டிபிகேட் ஷா1 ஹாஷ்' மதிப்பை மட்டும் நீக்கிவிட்டு, ரிமோட் டெஸ்க்டாப் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸ் எழுதிக்கொண்ட சான்றிதழுக்குத் திரும்பிவிடும். எச்சரிக்கைப் பெட்டியும் திரும்பும், ஆனால் ஆட்கள் வேலை பார்க்கலாம்.

இதையெல்லாம் செய்ய ரிமோட் டெஸ்க்டாப் அல்லாத இன்னொரு வழி உங்களிடம் இருக்க வேண்டும்: மெய்நிகர் கணினியின் கன்சோல், பவர்ஷெல் ரிமோட்டிங், இல்லையென்றால் அந்த அறையில் ஒரு மானிட்டரும் கீபோர்டும். கட்டளையைத் தட்டும் முன்பே அந்த வழியில் ஒருமுறை நுழைந்து பார்த்துக்கொள்ளுங்கள்.